சென்னையின் பழைய எல்லைகள் வழியே ஐந்து நாள்

பிப்ரவரி 18, செவ்வாய்: கோட்டையும் வெட்டவெளியும்

கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கும்போது மணி எட்டே முக்கால். தலைமைச் செயலக ஊழியர்கள் போகிற கூட்டத்தோடு நடந்தால் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டும், அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். உள்ளே உள்ள அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வார இறுதியோடு சேர்த்து வெள்ளியன்று வந்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

இந்த ஐந்து நாள் நடையின் நோக்கம், சென்னை வளர்ந்தபோது அதன் எல்லை எங்கே நின்றது, எங்கே நகர்ந்தது என்று காலால் அளந்து பார்ப்பது. பழைய எல்லைகள் பெரும்பாலும் அழியவில்லை. சாலையாகவோ, மேடாகவோ, ஊர்ப்பெயரின் கடைசி இரண்டெழுத்தாகவோ அதே இடத்தில் கிடக்கின்றன. தேட வேண்டிய இடம் தெரிந்தால் போதும்.

1639-ல் இந்தப் பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தது கடலோரத்து மணல் திட்டு ஒன்று. துறைமுகம் இல்லை, கப்பல் ஒதுங்கக் குடா இல்லை. கிழக்கே கடல், தெற்கே கூவம், மேற்கே எழும்பூர்ப் பக்கமிருந்து வந்த ஆறு. மூன்று பக்கமும் தண்ணீர் காவல் காத்தது. வடக்கு மட்டும் திறந்து கிடந்ததால் நெசவாளர்களும் வணிகர்களும் வந்து சேர்ந்த ஊர் வடக்கே வளர்ந்தது. கம்பெனி கட்டிய புனித ஜார்ஜ் கோட்டைக்குள் வெள்ளையர், வடக்கு மதிலை ஒட்டி இந்தியர்கள் குடியிருந்த கறுப்பர் பட்டணம். பின்னால் வந்த எல்லாச் சிக்கலும் இந்த ஒட்டுதலில் தொடங்கியதுதான்.

அதைப் புரிந்துகொள்ளக் கோட்டையில் முதலில் பார்க்க வேண்டியது அருங்காட்சியகம் அல்ல, புனித மேரி தேவாலயத்தின் முற்றம். 1680-ல் திறந்த தேவாலயம். வெளிச்சுவர் சுமார் 4 அடி கனம். கூரையில் மரமே கிடையாது, முழுக்கச் செங்கல் வளைவு. குண்டு விழுந்தாலும் தீப்பிடிக்கக் கூடாது என்ற கணக்கு. முற்றத்தில் காலடியில் பாவியிருப்பவை கல்லறைக் கற்கள். லத்தீன், போர்த்துகீசியம், ஆர்மீனியம் என்று எழுத்து மாறி மாறி வருகிறது. கற்கள் இருக்கின்றன, அடியில் யாரும் இல்லை. உடல்கள் கிடப்பது வடக்கே, இன்றைய சட்டக் கல்லூரி வளாகப் பக்கம் இருந்த பழைய இடுகாட்டில். 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அந்தக் கல்லறைகளை மறைவாக வைத்துக் கோட்டையைச் சுட்டது. முற்றுகை முடிந்ததும் கற்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஒன்றிரண்டு கல்லறைச் சின்னங்களை மட்டும் அங்கேயே விட்டார்கள். கோட்டையின் ஆளுநர் எலிஹு யேல் தன் மகனுக்காக எழுப்பிய கூர்நுனிக் கோபுரம் அதில் ஒன்று.

கல்லறைக்கே இந்தக் கதி என்றால் வீடுகளைச் சொல்ல வேண்டாம். 1746-ல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் கோட்டை மதிலை ஒட்டிய வீடுகளை இடித்தார்கள். 1749-ல் நகரம் திரும்பக் கிடைத்ததும் ஆங்கிலேயர்கள் மிச்சத்தைப் படிப்படியாக இடித்தார்கள். காரணம் இருவருக்கும் ஒன்றே. வீடு இருந்தால் எதிரி அதன் பின்னால் ஒளிந்து பீரங்கியை நிறுத்துவான். ஆகவே கோட்டைக்கு வடக்கே குண்டு பாயும் தூரம் வரை வெட்டவெளி. அதற்குப் பெயர் எஸ்பிளனேடு.

அந்த வெட்டவெளியின் மேல்தான் இன்று உயர் நீதிமன்றம் நிற்கிறது. 1892-ல் கட்டி முடித்த சிவப்புக் கட்டடம். அதன் வளாகத்தில் இருக்கும் உயரமான கல்தூண் 1844-ல் எரியத் தொடங்கிய பழைய கலங்கரை விளக்கம். நீதிமன்ற வேலை நாளில் காரணமில்லாமல் உள்ளே விடமாட்டார்கள், வெளிச் சாலையிலிருந்தே தூண் தெரியும். இந்த வளாகத்தின் கதவுகளை ஆண்டுக்கு ஒரு நாள் முழுக்கப் பூட்டி வைக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. ஊடே நடந்து பழகிய மக்கள் நாளைக்கு இது பொதுவழி என்று உரிமை கொண்டாடக் கூடாது என்பதற்காக. எல்லையை ஆண்டுதோறும் புதுப்பிக்கிற சடங்கு இது.

வெட்டவெளி எங்கே முடிந்தது என்பதைக் காட்ட 1773-ல் வரிசையாகத் தூண்கள் நட்டார்கள். மிஞ்சியது ஒன்று. பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலைப் பக்கம், கம்பி வேலிக்குள் நிற்கிறது. கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. நிமிர்ந்து தேடியதுதான் தவறு. நடைபாதைக் கடைகளுக்குப் பின்னால், தேடுகிறவர் நினைப்பதைவிடக் குட்டையாக இருக்கிறது. கைக்குட்டை விற்கும் பெரியவர்தான் காட்டினார். “இந்தக் கல்லா? இது எதுக்குன்னு தெரியாது தம்பி. யாரும் மேல சாஞ்சா மட்டும் வாட்ச்மேன் வந்து திட்டுவாரு.”

தூணுக்கு முதுகைக் காட்டி நின்று தெற்கே பார்த்தால் நீதிமன்றம், பேருந்து நிலையம் என்று எல்லாமே பெரிய மனைகள், அகலமான வெளிகள். திரும்பி வடக்கே பார்த்தால் ஐந்தடிக்கு ஒரு கடை. தெரு அகலமே சட்டென்று மாறுகிறது. 250 ஆண்டு கழிந்தும் பீரங்கிக் குண்டின் தூரம் சாலையில் அப்படியே தெரிகிறது.

சாயங்காலம் கடற்கரை நிலையத்துக்கு எதிரே அத்தோ. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். 80 ரூபாய். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப், கேட்டால் இன்னொரு தடவையும் ஊற்றுகிறார்கள். காரம் வேண்டாமென்றால் பிசைவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி 19, புதன்: பேட்டைகள்

ஜார்ஜ் டவுனைப் பார்க்க ஞாயிறு வசதி, நடக்க இடம் இருக்கும். ஆனால் புரிந்துகொள்ள வேலை நாள்தான் சரி. ஒன்பது மணிக்குள் வந்துவிட வேண்டும். பதினொன்றுக்கு மேல் மூட்டை இறக்கத் தொடங்கினால் மூன்று சக்கரச் சுமை வண்டிகளான மீன்பாடி வண்டிகளுக்குத்தான் தெரு. “ஓரம், ஓரம்!” என்ற குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டதும் ஒதுங்கிவிட வேண்டும். ஏற்றிய வண்டிக்கு பிரேக் பிடிக்காது என்பது அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இடித்த பட்டணத்தின் மக்கள் எங்கே போனார்கள்? வெட்டவெளிக்கு வடக்கே ஏற்கெனவே இரண்டு பேட்டைகள் இருந்தன. கிழக்கே முத்தியால்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. புதிய கறுப்பர் பட்டணம், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுன், அங்கே நிலைகொண்டது. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டாமல் இருந்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, நடுவே ஓடிய கழிவுநீர்ப் பள்ளம். மற்றொன்று சாதி. வலங்கை, இடங்கை என்ற இரண்டு சாதி அணிகளுக்குள் 1707-ல் பெரிய மோதல் வந்து, பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று பிரித்துத் தீர்த்தார்கள். யாருடைய திருமணமும் ஊர்வலமும் எந்தத் தெருவில் போகலாம் என்பதே அன்றைய வழக்கின் சாரம்.

நடுவில் இருந்த பள்ளத்தை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்டீபன் போஃபம் என்ற வழக்கறிஞர் தூர்த்துச் சாலையாக்கினார். அதுதான் பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. ஒரு பக்கத் தெருக்களும் எதிர்ப்பக்கத் தெருக்களும் பல இடங்களில் நேருக்கு நேர் சந்திக்காது. கிழக்கேயிருந்து வருகிறவர் பிராட்வேயில் திரும்பிச் சில கடைகள் தள்ளி நடந்துதான் மேற்கே நுழைய வேண்டியிருக்கும். கைப்பேசி வரைபடத்தில் இது ஒரு சின்ன வளைவு. கையில் சுமையோடு சாலையைக் கடக்கும்போதுதான் இவை இரண்டு தனி ஊர்கள் என்பது உறைக்கும்.

தெருக்களின் குணம் இன்னும் பேட்டைக் குணம். ஒரு தெரு, ஒரு சரக்கு. காகிதத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் ஆண்டர்சன் தெரு, துணிக்கு கோடவுன் தெரு, ரசாயனங்களுக்கு நைனியப்ப நாயக்கன் தெரு, பூவுக்கு பத்ரியன் தெரு. பூ மொத்த வணிகம் கோயம்பேட்டுக்குப் போய் முப்பதாண்டு ஆகப்போகிறது, ஆனாலும் பத்ரியன் தெருவில் காலையில் கதம்பம் முழக்கணக்கில் கிடைக்கிறது. ஒரே சரக்குக் கடைகள் ஒட்டி ஒட்டி இருப்பதில் ஒரு நடைமுறை உண்டு. ஒரு கடையில் இல்லாததை அவர்களே எதிர்க் கடையிலிருந்து வாங்கித் தருவார்கள். வாடிக்கையாளர் தெருவை விட்டுப் போகாத வரை யாருக்கும் நஷ்டமில்லை. பவளக்காரத் தெருவில் இன்று பவளம் இல்லை. ஆர்மீனியன் தெருவில் ஆர்மீனியர் இல்லை, அவர்கள் 1772-ல் கட்டிய தேவாலயம் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் தெருச் சத்தம் பாதியாகிறது. ஓய்வுக்கு இதைவிட நல்ல இடம் இந்தப் பகுதியில் இல்லை.

தேவராஜ முதலி தெருவில் பட்டணம் கோயில், அதாவது சென்னகேசவப் பெருமாளும் சென்ன மல்லீசுவரரும் அடுத்தடுத்து. இந்தக் கோயிலின் முதல் இடம் நேற்றுப் பார்த்த நீதிமன்ற வளாகம். வெட்டவெளிக்காக இடித்தபோது மூலவர்களை வெளியே கொண்டுபோய்விட்டு, மணலி முத்துகிருஷ்ண முதலியார் முயற்சியில் 1760களில் இங்கே மறுபடி கட்டினார்கள். நண்பகலுக்கு முன்பே நடை சாத்திவிட்டார்கள். பூசாரி உறவுக்காரர் ஒருவர் திண்ணையில் உட்காரச் சொல்லி, மோர் வாங்கித் தந்து, “சாமியே இடம் மாறி வந்தவர், நீங்க நாலரைக்கு மாறி வாங்க” என்றார். நாலரைக்குப் போனபோது கூட்டம். நகரத்தின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கோயிலுக்குள் நிற்க இடமில்லாதது நல்ல செய்திதான்.

தங்கசாலைத் தெருவை முனையிலிருந்து முனை நடக்க வேண்டும். நாணயச்சாலை தந்த பெயர். தெற்கே எவர்சில்வர் பாத்திரம், நடுவே ராஜஸ்தானியர் கடைகள், வடக்கே இரும்பு. நடுப்பகுதியில் முறுக்கு சாண்ட்விச் என்று ஒன்று விற்கிறார்கள். ரொட்டிக்குப் பதில் இரண்டு தட்டை முறுக்கு, நடுவில் வெள்ளரி, தக்காளி, சட்னி. 60 ரூபாய். முறுக்கு நமத்துவிடும் முன் சாப்பிட வேண்டும், பொட்டலம் கட்டி எடுத்துப் போவதில் பயனில்லை.

வடக்கு முனைக்குப் பக்கத்தில் ஏழு கிணறு. கோட்டைக்கு நல்ல தண்ணீர் கிடையாது. 1772-ல் கேப்டன் பேக்கர் என்பவர் இங்கே கிணறுகள் வெட்டிக் கோட்டைக்குக் குழாயில் தண்ணீர் கொண்டுபோனார். பத்து வெட்டி ஏழு நிலைத்தன. தண்ணீர் பிடிக்க வரிசையில் நின்ற பெண்ணிடம் இங்கே கிணறு எது என்று கேட்டதற்கு, “கிணறா? லாரி எட்டு மணிக்கு வரும்மா” என்றார்.

பிப்ரவரி 20, வியாழன்: மதிலும் மணலும்

ஏழு கிணற்றைப் பாதுகாக்கவும், 1769-ல் ஹைதர் அலியின் குதிரைப்படை நகர வாசல் வரை வந்ததுபோல் மறுபடி நேராமல் இருக்கவும் புதிய பட்டணத்துக்கு மதில். வடக்கிலும் மேற்கிலும் மட்டும். கிழக்கே கடல், தெற்கே கோட்டையின் குண்டு பாயும் வெளி. ஒப்பந்தம் எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. செலவை ஈடுகட்ட மக்களிடம் மதில் வரி வாங்கத் திட்டமிட்டார்கள், வசூலிக்க முடியவில்லை. மதில் போய்விட்டது, வராத வரியின் பெயர் வால்டாக்ஸ் சாலையாக நிற்கிறது. சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய அந்தச் சாலைதான் மேற்கு மதிலின் கோடு. சென்ட்ரலை 1873-ல் மதிலுக்கு வெளியே கட்டியதற்குக் காரணம், காலி நிலம் அங்கேதான் இருந்தது. யானைக்கவுனி என்பது மதிலின் வாசல்களில் ஒன்று, இன்றைக்குப் பாலத்தின் பெயர்.

மதிலில் மிஞ்சிய துண்டு ராயபுரத்தில் பழைய சிறைச்சாலைச் சாலையில் இருக்கிறது. மேலே பூங்கா வைத்திருப்பதால் மாடிப் பூங்கா என்றால்தான் ஆட்டோக்காரர்களுக்குப் புரியும். “டவுன் மதில்” என்று கேட்டு இரண்டு ஆட்டோக்காரர்கள் வேறு வேறு இடத்தில் இறக்கிவிட்டார்கள், 140 ரூபாய் வீண். பாரதி மகளிர் கல்லூரியைச் சொன்னால் குழப்பமே இல்லை. மதிலின் கனத்தை நேரில் பார்க்க வேண்டும். இது வெறும் சுவர் அல்ல, மேலே ஆள் நடமாடவும் பீரங்கி நிற்கவும் இடம் வேண்டும் என்று கட்டியது. அதனால்தான் மேலே செடி வைத்துப் பூங்காவாக்க முடிந்தது.

அங்கிருந்து ராயபுரம் ரயில் நிலையம் நடக்கும் தூரம். 1856 ஜூலை 1-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. முகப்புத் தூண்கள் இன்னும் இருக்கின்றன. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனால் யாரும் கேட்பதில்லை.

பிறகு கடல். காசிமேட்டில் காலை ஏலம் முடிந்து சில்லறை விற்பனை. சங்கரா கிலோ 350, வஞ்சிரம் 900. ராயபுரத்திலிருந்து வடக்கே திருவொற்றியூர் வரை கரை முழுக்கப் பாறைக்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். மணலே இல்லை. நான்கு கிலோமீட்டர் தெற்கே மெரினாவில் மணல் நடந்து தீராது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

இந்தக் கரையில் அலை ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. ஆண்டுதோறும் போவதும் வருவதும் சரியாக இருந்த வரை கரை நிலையாக இருந்தது. கப்பல் கடலிலேயே நிற்கும், ஆளும் சரக்கும் மசூலா படகில் கரைக்கு வரும். மசூலாவில் ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள், அலை அடித்தால் படகு வளைந்து கொடுக்கும், உடையாது. 1861-ல் கப்பல் சரக்கை இறக்கக் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று போட்டுப் பார்த்தார்கள். 1870களின் நடுவில் கடலுக்குள் இரண்டு கல் கைகளை நீட்டித் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பர்ப் புயல் அதை உடைத்தது, மறுபடி கட்டினார்கள். நீட்டிய கையின் தெற்குப் பக்கம் மணல் தங்கியது, வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. தெற்கே கரை அகன்றது, வடக்கே கடல் ஊரைத் தின்றது. அகன்ற மணலை ஒட்டி 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். நகரம் பெருமை கொள்கிற கடற்கரையும், வடசென்னை மீனவர்கள் இழந்த தெருக்களும் ஒரே கணக்கின் வரவும் செலவும். வடக்கே நின்று பார்க்காமல் மெரினாவை மட்டும் பார்ப்பது பாதி ஏட்டைப் படிப்பது போல.

சாயங்காலம் மெரினாவில் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியது. உருகும் சரக்கைக் கரையிலிருந்து தூரமாக யாரும் வைக்க மாட்டார்கள். கட்டட வாசலிலிருந்து சாலையைக் கடந்து, மணலில் இறங்கி, இன்றைய அலை வரை நடக்க எட்டு நிமிடம் ஆனது. அந்த எட்டு நிமிட மணலில் பெரும்பகுதி துறைமுகம் தந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது, காலில் போட்டுக்கொண்டு நடந்தால் பாதியில் அறுந்துவிடும். மாங்காய், தேங்காய் போட்ட சுண்டல் 30 ரூபாய். மிளகாய்ப் பொடியைத் தூவாமல் தரச் சொன்னதற்கு அந்தப் பையன் தயங்கி, “அப்படிச் சாப்பிட்டா சுண்டலே இல்லண்ணா” என்று கொஞ்சம் தூவித்தான் கொடுத்தான்.

பிப்ரவரி 21, வெள்ளி: இல்லாத ஏரி

பேருந்துப் பலகைகளைப் படித்தாலே சென்னையின் வயது தெரியும். பாக்கம் என்று முடிந்தால் பழைய ஊர்: நுங்கம்பாக்கம், சேப்பாக்கம், கோடம்பாக்கம். இவை கோட்டைக்கு முந்தியவை. திருவல்லிக்கேணிக் கோயிலில் பல்லவர் காலக் கல்வெட்டே இருக்கிறது. பேட்டை என்றால் பெரும்பாலும் கம்பெனி காலத்திலோ நவாபு காலத்திலோ தொழிலுக்காக ஏற்படுத்தியது. சிந்தாதிரிப்பேட்டை 1734-ல் நெசவாளர்களுக்காக அமைத்தது. தாங்கல் என்றால் சிற்றேரி. நகர் என்றால் 20ஆம் நூற்றாண்டு, திட்டம் போட்டு மனை பிரித்தது.

முதல் பெரிய நகர் தியாகராய நகர். அது நிற்பது ஏரியின் மேல். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை, அண்ணா சாலைக்கு மேற்கே, ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏரி நீர் இருந்தது. ஆங்கிலேயர் லாங் டேங்க் என்றார்கள். 1893-ல் அதில் படகுப் போட்டியே நடந்திருக்கிறது. நகரத்தின் மேற்கு எல்லை அதுதான். அதற்கு அப்பால் மாம்பலம் தனிக் கிராமம்.

ஏரி என்பது குளம்போல் தோண்டியது அல்ல. நிலம் சரிகிற பக்கம் மட்டும் மண்கரை போட்டு, மேட்டிலிருந்து வரும் நீரைத் தேக்குவது. இங்கே நிலம் கடலை நோக்கிக் கிழக்கே சரிகிறது, ஆகவே தண்ணீர் தேங்கப் பலமான கரை கிழக்கே வேண்டும். வரவுக்கால் வழியாக நீர் வரும், மதகு வழியாக வயலுக்குப் போகும், மிஞ்சியது கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு இறங்கும். ஏரியைத் தூர்க்கிறவர்கள் கரையை வெட்டித் தண்ணீரை வடித்துவிடுகிறார்கள். வரவுக்காலை யாரும் நிறுத்துவதில்லை, நிறுத்தவும் முடியாது. மழை பெய்தால் நீர் பழைய வழியில் பழைய இடத்துக்கு வரும். அங்கே இப்போது தெரு இருக்கும், அவ்வளவுதான்.

நடை வள்ளுவர் கோட்டத்தில் தொடங்கியது. 1976-ல் திறந்த கோட்டம், நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். பக்கத்துக் குடியிருப்பின் பெயரே லேக் ஏரியா, ஒவ்வொரு குறுக்குத் தெருப் பலகையிலும் ஏரி இருக்கிறது. தெற்கே பனகல் பூங்கா. மெட்ரோ வேலைக்காகப் பூங்காவைச் சுற்றித் தகரத் தடுப்பு. வழக்கமாக ஐந்து நிமிட வழிக்கு இருபது நிமிடச் சுற்று. வழி மாற்றிவிடும் காவலர் ஒவ்வொருவரிடமும் “எங்க போகணும்மா, சொல்லுங்க” என்று கேட்டு, கையால் வரைந்து காட்டிக்கொண்டே இருந்தார். வெயில் 32 டிகிரி இருக்கும். அவர் குரல் உயரவே இல்லை.

1920-ல் நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923-ல் லாங் டேங்கின் மாம்பலப் பகுதியை வடித்து நகர் அமைக்கும் வேலை தொடங்கியது. தெருப் பெயர்களை வரிசையாகப் படித்தால் அன்றைய நீதிக்கட்சியும் நகரசபையும் கண் முன்னே வருகின்றன. பிட்டி தியாகராயர் நகருக்கு, பனகல் அரசர் பூங்காவுக்கு, சவுந்தரபாண்டியனார் கடைவீதிக்கு, ஜி.என்.செட்டி, உஸ்மான், டாக்டர் நாயர், நடேசனார் சாலைகளுக்கும் பூங்காவுக்கும். குடிநீர்ப் பொறியாளர் மேட்லிக்கு ஒரு சாலை. கீழ்ப்பாக்கத்தில் 1914-ல் தொடங்கிய நீர் வடிகட்டும் நிலையத்தோடு சேர்ந்த பெயர் அவருடையது. நகரத்துக்குத் தண்ணீர் தந்தவரின் பெயர் கொண்ட சுரங்கப்பாதை மழைக்காலத்தில் தண்ணீரில் மூழ்குவது வருத்தமான ஒற்றுமை. துரைசாமி சுரங்கப்பாதையும் அப்படித்தான். இரண்டும் ஏரியின் மேற்குக் கரையோரம், தண்டவாளத்துக்கு அடியில் இன்னும் ஆழமாகத் தோண்டியவை. மோட்டார் வைத்து இறைக்கிறார்கள், மோட்டார் நின்றால் ஏரி.

ரங்கநாதன் தெருவைக் கடந்து, மாம்பலம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலம் ஏறி மேற்கு மாம்பலத்தில் இறங்கினால் லேக் வியூ சாலை. ஏரியைப் பார்த்த சாலை. இப்போது அங்கிருந்து கிழக்கே பார்த்தால் தண்டவாளமும் துணிக்கடைகளின் பின்சுவரும். அந்தச் சாலைப் பக்கத்து மெஸ்ஸில் சாப்பாடு 130 ரூபாய். வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும், இரண்டாவது முறை சாதம் கேட்காமலேயே வருகிறது. பரிமாறிய அம்மா மழைக்காலத்தில் சாம்பார் வாளியை மேசை மேல் தூக்கி வைத்துக்கொண்டு பரிமாறியதைச் சொன்னார். சமையலறையில் முழங்கால் வரை தண்ணீராம்.

தெற்கே உஸ்மான் சாலையில் அன்று இரும்புப் பால வேலை நடந்துகொண்டிருந்தது, நடைபாதையே இல்லை. சைதாப்பேட்டையில் அடையாற்றுப் பாலம் வரை நடந்து முடிக்கும்போது கால் கடுத்துவிட்டது. இங்கே முதலில் பாலம் கட்டியவர் கோஜா பெட்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர், 1726-ல், தன் சொந்தப் பணத்தில். பழைய பாலம் போய்விட்டது, அவர் வைத்த கல்வெட்டு இருக்கிறது. நின்று படிக்க மட்டும் அந்தப் போக்குவரத்து விடாது.

பிப்ரவரி 22, சனி: வேளச்சேரி

பறக்கும் ரயிலில் வேளச்சேரி. சென்னையில் இத்தனை குறைந்த காசுக்கு இத்தனை உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க வேறு வழியில்லை. பாதையின் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாய் மேலேயே போகிறது. நிலம் கையகப்படுத்தும் செலவு மிச்சம் என்று கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டதால் கால்வாய் குறுகிப்போனது. பெருங்குடி நிலையத்தில் இறங்கிக் கிழக்கும் தெற்குமாகப் பார்த்தால் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். காலை ஏழரைக்கு நாமக்கோழிகளும் தூரத்தில் பூநாரைகளும். 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தது 1,248 ஹெக்டேர். தென்சென்னையின் ஏரிகளெல்லாம் கலங்கல் வழியே ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கிக் கடைசியில் வந்து சேரும் தாழ்நிலம் இதுதான்.

2011-ல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. நான்கு நூற்றாண்டு நகர்ந்த எல்லை ஒரே அரசாணையில் இரண்டரை மடங்கு விரிந்தது. 2015 டிசம்பர் 1-ல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை, வேளச்சேரி வெள்ளத்தில் மூழ்கியது.

வேளச்சேரித் தெருக்களில் வீட்டின் வயதைப் படியை வைத்தே சொல்லலாம். தெருவிலிருந்து இரண்டு படி இறங்கி வீட்டுக்குள் போனால் 1990களில் கட்டியது. அப்போது அது தெருவுக்கு மேலேதான் இருந்தது. பழைய தார்ப்பூச்சைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதில் தெரு ஏறிவிட்டது. நாலடி ஏறிப் போனால் 2015-க்குப் பின் கட்டியது.

அடுத்த வெள்ளம் உள்ளே வராமல் இருக்க ஒரு வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். வட இந்தியத் தொழிலாளர்கள் பதினைந்து பேர். அடித்தளச் சுவரைத் துண்டு துண்டாக, ஒன்று விட்டு ஒன்றாகக் குடைந்து, இரும்புச் சட்டம் செருகி, அதன் கீழே ஜாக்கி வைக்கிறார்கள். இந்த வீட்டுக்கு இருநூறுக்கு மேல். எல்லாம் வைத்து முடித்த பிறகுதான் தூக்கல். மேஸ்திரி குரல் கொடுத்ததும் எல்லோரும் ஒரே அளவு திருப்ப வேண்டும். ஒருவர் கூடத் திருப்பினால் சுவர் வெடிக்கும். ஜாக்கி முழு உயரம் எட்டியதும் இடையில் செங்கல் அடுக்கி, ஜாக்கியைக் கீழிறக்கி, மறுபடி தொடங்குகிறார்கள். குடிநீர், சாக்கடைக் குழாய்களை முன்பே அறுத்துவிட வேண்டும். மறந்துவிட்டால் குழாய் வீட்டைப் பிடித்து இழுக்கும், விரிசல் அங்கேதான் முதலில் விழும். மாடிப்படியும் சம்ப்பும் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) கடைசியில் புதிதாகக் கட்ட வேண்டும்.

வீட்டுக்காரர்கள் உள்ளேதான் குடியிருக்கிறார்கள். ஏணி வைத்து இறங்கி வந்த அம்மா எல்லோருக்கும் டீ கொடுத்தார், வேடிக்கை பார்த்த எங்களுக்கும். எதிரே உள்ள மின்கம்பத்தில் 2015-ல் தண்ணீர் நின்ற மட்டத்துக்குப் பச்சை பெயின்ட்டில் கோடு போட்டிருந்தார்கள். மேஸ்திரி டேப்பைப் பிடித்துப் பார்த்தார். வீட்டுத் தரை அந்தக் கோட்டைத் தொட இன்னும் ஏழு அங்குலம்.